காலில் ஒரு கண்

“பாரத்தையெல்லாம் வலது கால்ல போட்டுக்கிட்டு, இடது காலைக் கொஞ்சம் மடக்கித் தளர விடுங்க. சினிமாவில கதாநாயகன் மரத்தடியில சாய்ஞ்சு நிப்பானே, அந்த மாதிரி” என்றார் டாக்டரம்மா.

கதாநாயகனாக நிற்கும் வயது எனக்குக் கடந்துவிட்டது; அதற்கு வேண்டிய உடம்பு எந்த வயதிலும் இருந்ததில்லை. என்றாலும், ஆஸ்பத்திரியில் கொடுத்த அரைக்கால் சட்டையுடன் ஒரு சின்ன மேடைமீது ஏறி, சுவரோரக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இயன்ற மட்டும் ஒயிலாகவே நின்றேன். தொடையில் ஐஸ்போல ஒரு பசையைத் தடவினார்கள். சவரக் கத்தியின் கைப்பிடி அளவில் ஒரு கருவியை அதன்மேல் வைத்து டாக்டரம்மா அழுத்தினார். எதிரே இருந்த திரையில் சாம்பலும் கறுப்புமாக ஏதோ அசைந்தது.

“படுக்க வைத்தே பார்க்கக் கூடாதா, டாக்டர்?” என்று கேட்டேன். கூச்சம்தான் காரணம்.

“படுத்தா உங்க கால் ரொம்ப யோக்கியமாயிடும். அது பண்ற திருட்டெல்லாம் நிக்கும்போதுதான் தெரியும்.”

நான் அங்கே போய் நின்ற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டாகவே சாயங்காலமானால் இடது கால் கனத்துப் போகும். கணுக்காலில் செருப்பு வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாக முடிச்சுகள் எழும்பியிருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், “நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது” என்று சொன்னார்கள். அதற்கு மேல் வைத்தியம் பற்றி ஆளுக்கோர் அபிப்பிராயம். ஒருவர் எண்ணெய் சொன்னார். ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்காராதே என்றார். இன்னொருவர், எழுதுவதை நிறுத்தினால் சரியாகும் என்றார். கடைசி யோசனை என் காலைப் பற்றியதா, என் எழுத்தைப் பற்றியதா என்று இன்றுவரை விளங்கவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா, “இதோ பாருங்க, உங்களை ஒரு கண் பாக்குது” என்றார்.

பார்த்தேன். வேடிக்கையில்லை, உண்மையாகவே ஒரு கண். மேலே வெள்ளையாக வளைந்த ஒரு கோடு. கீழே அதேபோல் வளைந்த இன்னொரு கோடு. இரண்டும் இரு ஓரங்களிலும் நெருங்கி வந்தன. நடுவில் வட்டமாக, கறுப்பாக ஒரு பாவை. பழைய எகிப்தியர்கள் சவப்பெட்டிகளின்மேல் மை தீட்டி வரைந்த கண் இருக்கிறதே, அசல் அது. டாக்டர்களும் அதற்கு ‘எகிப்தியக் கண்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

கண்ணின் பாவையாகத் தெரிவதுதான் பெரிய சாஃபினஸ் சிரை. மனித உடம்பிலேயே மிக நீளமான சிரை அது. உள்கணுக்காலின் முன்புறமாகப் புறப்பட்டு, காலின் உட்புறமாகவே ஏறி, முழங்காலைத் தாண்டி, தொடை இடுக்கில் ஆழத்திலிருக்கும் பெரிய சிரையோடு போய்ச் சேருகிறது. மேல் இமையும் கீழ் இமையுமாகத் தெரிந்தவை இரண்டு மெல்லிய சவ்வுகள். மேலே கொழுப்புக்கு நடுவில் ஒன்று, கீழே தசையைப் போர்த்தியிருப்பது ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே, உறைக்குள் வைத்த பேனாவைப் போல் அந்தச் சிரை பத்திரமாக ஓடுகிறது.

“அப்படியானால் என் கெண்டைக்காலில் புடைத்துக்கொண்டிருப்பது இதுதானா?”

“இல்லையே! அது கண்ணுக்கு வெளியில இருக்கிற கிளை. அதைப் பிடிச்சு வைக்க ஒண்ணுமில்லை, அதனால வீங்கி வளைஞ்சு எல்லாருக்கும் தெரியுது. தப்புப் பண்றது உள்ளே இருக்கிற இவர்தான். ஆனா இவர் நேரா, ஒழுங்கா, நல்ல பிள்ளை மாதிரி இருப்பார்.”

இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். குற்றவாளி ஒருவன், அடிபட்டு வீங்கிக் கிடப்பவன் வேறொருவன் என்ற விஷயம் எனக்குப் புதியதல்ல. ஆனால் அது என் தொடைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது என்பது புதிய செய்தியாகத்தான் இருந்தது.

பிறகு அந்தத் திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினார். கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்து அழுத்தினார். இயந்திரத்திலிருந்து ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம், கண்ணின் பாவை நீலமாயிற்று. இரத்தம் இருதயத்தை நோக்கி மேலே போகிறது. கையை எடுத்தார். உடனே சத்தம் நின்றுவிட வேண்டும். வழியிலுள்ள சின்னக் கதவுகள் மூடிக்கொள்ள வேண்டும். அரை விநாடி வரை மன்னிப்பு உண்டாம். என் விஷயத்தில் பாவை சிவந்தது. கதவு இடுக்கில் காற்றுப் புகுந்தாற்போல், ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு மூன்று விநாடி அது இரைந்துகொண்டே இருந்தது. ஏறின இரத்தம் இறங்குகிற சத்தம். சொந்த உடம்புக்குள் ஒரு கதவு சாத்தப்படாமல் கிடப்பதை அன்றுதான் காதால் கேட்டேன்.

நீலம், சிவப்பு என்றேனே, அவை இரத்தத்தின் நிறங்கள் அல்ல. எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்கு இயந்திரம் பூசுகிற சாயம். இந்த வித்தையின் மூலபுருஷர் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரியர். 1842-இல் பிராகு நகரத்தில் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அருகே வருகிற பொருளின் அலை நெருங்கும், விலகிப் போகிறதின் அலை விரியும் என்பது அவருடைய கொள்கை. மூன்று வருஷத்துக்குப் பிறகு ஹாலந்தில் ஒரு விஞ்ஞானி, ரயில் வண்டியில் எக்காளம் ஊதுகிறவர்களை ஏற்றி ஓடவிட்டு, சுருதி மாறுவதைக் காது படைத்தவர்களைக் கொண்டு சரி பார்த்தார். நட்சத்திரங்களின் நிறத்துக்கு டாப்ளர் சொன்ன காரணம் தவறு. கொள்கை மட்டும் சரி. வானத்துக்காகச் சொன்னது என் காலுக்கு உதவிற்று.

கதவுகளின் சங்கதி அதற்கும் பழையது. பாதுவா நகரத்துச் சர்வகலாசாலையில் பாப்ரீசியஸ் என்ற ஆசிரியர் 1603-இல் அவற்றைப் படம் போட்டுப் புத்தகமே வெளியிட்டார். கதவுகளைப் பார்த்தவர், அவை எதற்கு என்பதைத் தவறாக யூகித்தார். இரத்தம் கைகால்களில் ஒரேயடியாகப் போய்த் தேங்கிவிடாமல் வேகத்தைத் தணிக்கின்றன என்று நினைத்தார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேயர், அவை ஒரு பக்கமாகத்தான் திறக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டு, 1628-இல் இரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று நிலைநாட்டிவிட்டார். வாத்தியார் கதவைப் பார்த்தார்; சிஷ்யர் அது எந்தப் பக்கம் திறக்கிறதென்று பார்த்தார்.

“உங்க குடும்பத்தில யாருக்காவது இது உண்டா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“என் அம்மாவுக்கு” என்றேன்.

அப்பா காலமான 1986-ஆம் வருஷம் அம்மா எங்கள் ஊர்ப் புடவைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். எனக்கு அப்போது ஆறு வயது. காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்குத் திரும்புவாள். வாடிக்கையாளர்களுக்கு அங்கே மெத்தை தைத்த நாற்காலி உண்டு. விற்பவர்களுக்கு மேஜைக்குப் பின்னால் தரை உண்டு. முதலாளி கெட்டவர் அல்ல. தீபாவளிக்கு இரண்டு புடவையும், எனக்குச் சட்டைத் துணியும் கொடுப்பார். ஆனால் ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. கேட்க வேண்டும் என்று அம்மாவுக்கும் தோன்றியதில்லை.

இராத்திரி வந்து திண்ணையில் காலை நீட்டி உட்காருவாள். “நரம்பு இழுக்குதுடா, தம்பி. கொஞ்சம் பிடிச்சு விடு” என்பாள். நான் பிடித்துவிடுவேன். அவள் காலில் பச்சைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். பள்ளிக்கூடத்தில் டெல்டா வரைபடம் போட்டுப் பழகிய கை அல்லவா? விரலால் தடவிக்கொண்டே, “இது காவேரி, இது குடமுருட்டி, இது அரசலாறு” என்று பெயர் வைப்பேன். அம்மா சிரிப்பாள். “கொள்ளிடத்தை விட்டுட்டியே” என்பாள். பெரிய முடிச்சு ஒன்றைக் கல்லணை என்று வைத்திருந்தேன்.

அந்த விளையாட்டில் எல்லாம் தலைகீழ் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். காவேரி இறங்க இறங்கப் பிரியும். சிரைகள் ஏற ஏறச் சேரும். அசையாமல் நிற்பவரின் கணுக்காலில், இருதயம் வரையுள்ள இரத்தத்தின் பாரம் முழுவதும் நிற்கிறது. ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். நாலடி நடந்தால் கெண்டைக்கால் சதை பிழிந்து பிழிந்து இரத்தத்தை ஏற்றிவிடும். அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கதவுகள் சரியாயிருந்தால், அதாவது. மேஜைக்குப் பின்னால் நடப்பதற்கு எங்கே இடம்?

2009-இல் அம்மாவின் உள்கணுக்காலுக்கு மேலே தோல் சுட்ட கத்தரிக்காயாகக் கறுத்தது. அரிப்பு, பிறகு வெடிப்பு, பிறகு புண். சர்க்கரைப் புண் என்றார்கள். சோதித்தால் சர்க்கரை இல்லை. ‘நரம்புக் கோளாறு’ என்று சொல்லிக்கொண்டு போனோம். ஓர் இடத்தில் நரம்புத் தளர்ச்சிக்கு ஊசி போட்டார்கள். வாரம் இரண்டு. சத்து மாத்திரை. நரம்புக்கு என்று விற்ற எண்ணெயை நானே தேடிப் பிடித்து வாங்கி வந்து, புண்ணைச் சுற்றி மேலிருந்து கீழாக உருவி விட்டேன். இரண்டு வருஷம்! ஏற வேண்டிய இரத்தத்தைப் பெற்ற பிள்ளை கையாலேயே இறக்கிவிட்டிருக்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் செய்தேன். அந்தக் காலைப் பற்றி ஒரு நாவலில் எழுதினேன். கடையில் நிற்கும் ஒரு தாயின் கால், அதில் புடைத்த பச்சை நரம்புகள், வேதனை எல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக வந்தன. நிறையப் பேர் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதினார்கள். புத்தகத்துக்குப் பாராட்டு வந்தது. காலுக்கு வைத்தியம் வரவில்லை.

கடைசியில் பக்கத்து ஊரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்ஜன் ஒருவரிடம் யாரோ அனுப்பினார்கள். அவரிடம் இந்தக் கண் காட்டும் இயந்திரமெல்லாம் கிடையாது. அம்மாவை நிற்க வைத்துப் பார்த்தார். படுக்க வைத்துப் பார்த்தார். புறங்காலில் விரல் வைத்து நாடி பார்த்தார். “யாரம்மா இதை நரம்பு என்று சொன்னது? நரம்பு உணர்ச்சிக்கு. இது இரத்தம் திரும்புகிற குழாய். இரத்தம் இறங்கித் தேங்கி, அதிலிருந்த இரும்புச் சத்து தோலில் கறுப்பாகப் படிந்திருக்கிறது” என்றார். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் இரண்டு செங்கல் வைக்கச் சொன்னார். விரல் நுனியிலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டுப் போட்டு, அதோடு நடக்கச் சொன்னார். மூன்றரை மாதத்தில் புண் மூடிக்கொண்டது. இரண்டு வருஷத்து ஊசிக்கும் எண்ணெய்க்கும் ஆகாதது, இரண்டு செங்கல்லுக்கும் ஒரு முழ அகலத் துணிக்கும் ஆயிற்று. அதன்பின் அம்மா நான்கு வருஷம் இருந்தாள்; வேறு நோயில் போனாள்.

நம் பாஷையை நான் குறை சொல்லவில்லை. இலைக்கு நரம்பு, யாழுக்கு நரம்பு, இழையாக ஓடுவதற்கெல்லாம் நரம்பு. அழகான சொல். ஆனால் ஊசி குத்துகிற இடத்துக்கு அந்தச் சொல் போனதும் அழகு ஆபத்தாகிவிட்டது.

நமக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா அதைத் தீர்த்து வைத்தார். தொடையில் ஆழத்தில் ஓடும் முக்கியமான சிரை ஒன்றுக்கு, வைத்திய உலகமே வெகுகாலம் ‘மேலோட்டமான தொடைச் சிரை’ என்ற பொருளில் பெயர் வைத்திருந்ததாம். ஆழமான சிரையில் இரத்தம் உறைந்தால் உயிருக்கு ஆபத்து. கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். மேலோட்டமான சிரையில் என்றால் அவ்வளவு பயமில்லை. ஸ்கான் பார்த்தவர் அந்தப் பெயரைச் சரியாகவே எழுதி அனுப்புவார். வாசித்த டாக்டர், ‘மேலோட்டம்தானே’ என்று மருந்து கொடுக்காமல் விட்டுவிடுவார். 1995-இல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில், இந்தப் பெயர் ஆளைக் கொல்லக்கூடியது என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. டாக்டர்களைக் கேட்டுப் பார்த்ததில் பலர் அப்படியே ஏமாந்திருந்தார்கள். 2001-இல் ரோமாபுரியில் நிபுணர்கள் கூடி அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். கூடவே ‘லாங் சாஃபினஸ்’ என்ற பெயரையும் எடுத்தார்கள். சுருக்கி ‘எல்’ என்று எழுதினால், நீளமான ‘லாங்’ சிரையா, காலின் பின்புறம் ஓடும் சின்ன ‘லெஸ்ஸர்’ சிரையா என்று தெரியாது. இப்போது பெரியது, சின்னது, அவ்வளவுதான்.

சாஃபினஸ் என்ற சொல்லே ஒரு வழக்கு. கிரேக்க மூலம் என்பவர்கள் ‘வெளிப்படையாகத் தெரிவது’ என்று அர்த்தம் சொல்கிறார்கள். அரபு மூலம் என்பவர்கள் ‘ஒளிந்திருப்பது’ என்கிறார்கள். திரையில் அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு என் ஓட்டு அரபுக்குத்தான்.

பெயர் தப்பினாலும், வஸ்து சாமானியமானதல்ல. 1967-இல் அமெரிக்காவிலிருந்த ரெனே பவலோரோ என்ற அர்ஜென்டைனா டாக்டர், இருதயத்துக்குப் போகிற குழாய் அடைத்த நோயாளிக்கு இந்தக் கால் சிரையையே ஒரு துண்டு வெட்டி எடுத்து மாற்று வழி போட்டார். இன்றும் போடுகிறார்கள். அப்படிப் போடும்போது துண்டைத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சின்னக் கதவுகள், “இந்தப் பக்கம் விடமாட்டோம்” என்று வழியை மறித்துக்கொள்ளும். இருதயத்தின்மேல் வைத்துத் தைத்தாலும் கால் புத்தி!

கேரளத்தில் 2018-இலும், தமிழ்நாட்டில் 2021-இலும், கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நம்முடைய கடைகள் சட்டம் 1947-ஆம் வருஷத்தியது. ஒரு நாற்காலி அதற்குள் நுழைய 74 வருஷம் ஆயிற்று. சில மாதங்களுக்கு முன் தங்கை மகளுக்குப் புடவை வாங்க ஒரு கடைக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் அட்டைப் பெட்டிகள் இருந்தன. பக்கத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு நின்றாள்.

“உட்காரக் கூடாதா, அம்மா?” என்றேன்.

“கூட்டம் இல்லாதப்ப உட்காரலாம், சார். கூட்டம் இல்லேன்னா வேற மாடிக்கு அனுப்பிடுவாங்க” என்று சொல்லிச் சிரித்தாள். நான் அவள் காலைப் பார்க்கவில்லை. பார்க்க நினைத்தேன், அது மரியாதையாக இராது.

என் காலுக்குத் தேதி வைத்துவிட்டார்கள். அந்தக் கண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டே இமைகளுக்கு நடுவில் மரத்துப்போகும் நீரை நிரப்பி, சிரைக்குள் ஒரு கம்பி விட்டு, சூட்டினால் அதை மூடிவிடுவார்களாம். “மூடிவிட்டால் இரத்தம் எப்படிப் போகும்?” என்று கவலைப்பட்டேன். காலின் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்திலிருக்கும் சிரைகள் வழியாகத்தான் போகிறதாம். இவர் செய்த ஆர்ப்பாட்டமெல்லாம் ஒரு பங்குக்கு. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் என் காலின் படம் போட்டு, எது எங்கே சேருகிறது, எங்கே கதவு கெட்டிருக்கிறது என்று குறித்துக் கொடுத்தார்.

அந்தப் படமும், நான் மேலே சொன்ன நாவலின் மறுபதிப்புக்கான புரூப்பும் இப்போது என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ‘நரம்பு’ என்று வருகிற இடங்களைத் தேடிப் பதினான்கு கண்டுபிடித்தேன். ‘சிரை’ என்று திருத்திப் பார்த்தேன். வாசகர்களுக்குச் சவரம்தான் ஞாபகத்துக்கு வரும். ‘நாளம்’ என்று போட்டால் பாடப் புத்தகம். கடைசியில் ‘இரத்தக் குழாய்’ என்று பதின்மூன்று இடங்களில் எழுதி, ஓரத்தில் கோடு போட்டேன். மீதி ஒன்று, அந்தத் தாய் கடையிலிருந்து வந்து, திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, மகனைக் கூப்பிடுகிற இடம். அதை அவள் சொன்னபடியே விட்டுவிட்டேன்.